ஆடுகளத்தின் நடுவே ஓர் அறை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தானாகத் தோன்றவில்லை. எங்கள் தடகளக் கிளப்பின் தலைவர் கூப்பிட்டு, "கிளப்புக்கும் கட்டடத்துக்கும் ஒரு வரலாறு எழுதிக் குடுங்க. நம்ம மெம்பர்ங்கள்ல பேனா பிடிக்கத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான்" என்றார். உச்சி குளிர்ந்து தலையாட்டிவிட்டேன். நூல் வெளியீட்டு விழா கீழ்த்தளக் கூடத்தில் நடக்கும், நாற்காலி போட இடம் வேண்டும், ஆகவே வரலாறு முடிந்த அன்றே கூடத்தின் நடுவில் இருக்கும் அறையை இடித்துவிடுவது என்று கமிட்டி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தலையாட்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

அந்த அறையில் பல்செட் அக்கா குடியிருக்கிறார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'நகரின் மையத்தில் கம்பீரமாக எழுந்து நிற்கும் இக்கட்டடம்—'

எழுந்து நிற்கிறது, சரி. கம்பீரம் என்றால் அந்தத் தெருவில் போகிறவர்களே சிரிப்பார்கள்.

இரண்டாவது: 'ஓடுவதற்கென்றே பிறந்த சிலர் ஒன்றுகூடி—'

ஓட அவர்களிடம் இடமே இல்லை. வாடகை அறைகள் நிறைந்த ஒரு கட்டடத்தை வாங்கிப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிச் சுவர்களை இடித்து, கூடைப்பந்து ஆடக் கூடம் அமைத்தார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. பொய்ப்பல் கட்டும் பெண். அப்போது அவருக்குத் தலை முழுக்கக் கறுப்பு. "கைல இருக்கிற பல்லை முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றாராம். ஆனால் நட்டநடுவில் அவருடைய நான்கு சுவர்கள் நின்றதால் ஆட்டக்காரர்கள் அதில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டார்கள். பல் உடைந்ததால் அவருக்குக் கைவேலை தீரவில்லை. வேலை தீராததால் அவர் போகவில்லை. அவர் போகாததால் பல் உடைந்தது.

(என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அக்கா கட்டியவை. இந்த வரலாற்றாசிரியர் நடுநிலையானவர் அல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.)

3

வரலாறு என்றால் ஒரு பொற்காலம் வேண்டும். எங்களுக்கும் இருந்தது. சொந்தக் கூடத்தில் எங்கள் அணியை யாராலும் அசைக்க முடியவில்லை. நம்மவர்கள் அக்கா வீட்டுக் கூரைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு மறுபக்கம் பிடிப்பார்கள். எதிரணி சுற்றிக்கொண்டு வருவதற்குள் பந்து கூடையில் விழுந்திருக்கும். ஆட்டம் சூடுபிடிக்கும்போது அக்கா கதவைத் திறந்து, "அச்சு இன்னும் இறுகலப்பா, கொஞ்ச நேரம் குதிக்காம இருங்க" என்பார். நடுவர் விசில் ஊதுவார். பல் அச்சு மாவு இறுகும்வரை இரண்டு அணிகளும் இடுப்பில் கைவைத்து நிற்கும்.

வேறு ஊர்க் கூடங்களில் நடுவில் ஒன்றும் இல்லை. நம்மவர்கள் அங்கேயும் இல்லாத அறையைச் சுற்றிக்கொண்டே ஓடினார்கள். கேப்டன் ஒருமுறை வெற்றிடத்தைப் பார்த்து, "அக்கா, ஜன்னலைச் சாத்திக்குங்க!" என்று கத்தி—

வேண்டாம். நடந்ததுதான், ஆனாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

3, மறுபடியும்

தலைவர் வாசித்துப் பார்த்தார். "பிரமாதம். அந்த ரூமை மட்டும் எடுத்துடுங்க."

"எடுத்துட்டா, ஜெயிச்சதுக்கு என்ன காரணம் சொல்றது?"

"உழைப்புன்னு போடுங்க."

அன்றிலிருந்து இந்த வரலாற்றை முடிக்காமல் இருப்பதே என் வேலையாகிவிட்டது. இந்த வயதில் அக்காவுக்கு யார் வீடு தருவார்கள்? அவரைத் தெருவில் நிறுத்தும் வாக்கியம் என் கையால் வரக் கூடாது. அதனால்தான் இத்தனை தொடக்கங்கள். முடிவுகளையும் எழுதி எழுதிக் கெடுத்தேன்.

4

முதல் முடிவு: கட்டடத்தின் பாரம் முழுவதும் அக்காவின் சுவர்கள்மேல்தான் நிற்கிறது, இடித்தால் எல்லாம் விழும். தலைவர் உடனே இன்ஜினியரை அழைத்துவந்தார். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, பாரத்துக்கும் அந்த அறைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது: அக்கா சிரித்தபடி தன் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார்.

"எனக்கு ஏதுடா பொண்ணு?" என்றார் அக்கா.

"கதைக்காகத்தான்க்கா."

"கதைக்காக இனிமே பெத்துக்கச் சொல்றியா?"

மூன்றாவது: அறை போனதும் அணி வரிசையாகத் தோற்கிறது, கமிட்டி மன்னிப்புக் கேட்டு அறையைத் திரும்பக் கட்டித் தருகிறது. இது எனக்கே பிடித்திருந்தது. கேப்டன் இரண்டு முறை படித்தான். பிறகு, "கட்டி முடிக்கிற வரைக்கும் அக்கா எங்க படுப்பாங்க?" என்று கேட்டான். அந்தத் தாளையும் கிழித்தேன்.

5

தலைவர் பொறுமை இழந்து, எழுதியவரை பிடுங்கிக்கொண்டு போனார். முடிவில்லாத புத்தகம் முடிந்த புத்தகமா என்று கமிட்டியில் அடிதடி. கடைசியில் தீர்மானமானது: அப்படியே அச்சிடுவது, யாராவது ஒருவர் கடைசி வரிவரை படித்துவிட்டால் வரலாறு முடிந்ததாகக் கொண்டு இடிப்பது.

கேப்டன் துள்ளிக் குதித்தான். "கிளப் வரலாறை எவன் சார் கடைசி வரைக்கும் படிப்பான்? அக்காவுக்கு இனி கவலையே இல்ல!"

எனக்கும் அந்த நம்பிக்கைதான். பாதுகாப்புக்காக முன்னாள் பொருளாளர்களின் பட்டியலை நடுவில் செருகினேன். (அச்சகத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். இல்லாவிட்டால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்.) ஓடிப்போய் அக்காவிடம் நல்ல செய்தி சொன்னேன்.

அவர் கையிலிருந்த பல்வரிசையைக் கீழே வைத்தார்.

"இத்தன வருஷத்துல என்னப் பத்தி எழுதுனவன் நீ ஒருத்தன்தான். அத யாருமே படிக்கக் கூடாதுன்னு நான் வேண்டிக்கணுமா?"

"படிச்சா இடிச்சுடுவாங்கக்கா."

"இடிக்கிறவன் இடிக்கட்டும். நீ எழுதுனத படிக்கட்டும்டா."

கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் வெளியே நின்று அழுதேன். பிறகு அச்சகத்துக்குப் போய் இந்தப் பகுதியைக் கடைசியில் சேர்த்தேன்.

இப்போது கூடத்தில் மூன்று பேர் கடப்பாரையோடு நிற்கிறார்கள். கதவைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறார்கள். படியுங்கள் என்று அக்காவுக்காகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றும் அக்காவுக்காகத்தான் சொல்ல வேண்டும். என்னால் ஆகவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதானால் இங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்தது கடைசி வரி.

அக்கா உள்ளேதான் இருக்கிறார்.