அவசரம் என்று எழுதியவர்

'அவசரம்' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிளி என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. நீங்கள் தமிழில் எழுதினால் அது வாய்விட்டுப் படிக்கும். சம்பளம் வாங்காத பத்துப் பேர் ஓய்வு நேரத்தில் செய்தது. அதற்கென்று ஒரு இணையக் குழுவும் உண்டு, சந்தேகம் இருப்பவர்கள் அங்கே எழுதிக் கேட்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் எழுதுவது உடனே வெளியே தெரியாது. கண்காணிப்பாளர் ஒருவர் படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும். அப்படி வைக்காவிட்டால் கடன் கொடுக்கும் விளம்பரங்கள் வந்து குவிந்துவிடும். கண்காணிப்பாளர்கள் மூன்று பேர். ஒருவர் கனடாவில் இருக்கிறார், இருக்கிறார் என்றுதான் நம்புகிறோம். இன்னொருவருக்குப் போன மாதம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மிச்சம் இருப்பது ஹீனாவாகிய நான்.

எனக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவு. காலை ஆறு மணிக்கு கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கினால் மத்தியானம் இரண்டரைக்குத்தான் போன் திரும்பக் கையில் வரும். கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து சேர்கிற நாற்பது நிமிடம்தான் நான் கிளிக்குக் கொடுக்கிற நேரம். அதற்குள் இருபது முப்பது பதிவுகள் காத்துக்கிடக்கும். அதில் பாதி யூடியூப்காரர்கள். ராசிபலன் வீடியோவுக்குக் குரல் வேண்டும், இன்றைக்கே வேண்டும், ஆகவே அவசரம். அவர்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். கொஞ்சம் ஊறட்டுமே என்ற எண்ணம். இப்படி ஒரு விதி குழுவில் கிடையாது, நானே வைத்துக்கொண்டது.

போன செவ்வாய்க்கிழமை ராஜப்பன் என்பவரிடமிருந்து ஒரு பதிவு வந்தது. 'கிளி பேசவில்லை. அவசரம்.' அவ்வளவுதான். என்ன போன், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நின்றது, ஒன்றும் இல்லை. வழக்கப்படி கடைசிக்குத் தள்ளினேன்.

புதன்கிழமை அவருக்கு எங்கள் வழக்கமான ஐந்து கேள்விகளை அனுப்பினேன். அதற்கு அங்கேயே பதில் எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. புதிதாக இன்னொரு பதிவு போட்டார். 'கிளி பேசவில்லை. மிகவும் அவசரம்.' ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதினால் எங்கள் கணினி அதைத் தானாகவே வரிசையின் அடிக்கு அனுப்பிவிடும். மனிதர் எவ்வளவு கெஞ்சினாரோ அவ்வளவு கீழே போனார்.

வியாழக்கிழமை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 'கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லையா? சும்மா ஒரு கடையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா?' என்று எழுதினார். அன்றைக்கு எனக்கும் நாள் சரியில்லை. முந்நூறு பாகங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னதற்காக சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன். இலவசமாக உழைக்கிறவளைப் பார்த்து என்ன பேச்சு இது என்று சுருக்கென்றது. குழுவில் எழுத முடியாதபடி ஏழு நாள் தடை போட்டேன். போட்டதும் மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. என் வீட்டுக்காரர் மன்சூர் கறி வாங்கப் போயிருந்தார். பத்து மணி தாண்டியிருக்கும். குழுவுக்கென்று ஒரு மெயில் பெட்டி இருக்கிறது, அதை யாரும் திறப்பதில்லை. குப்பையை அழிக்கலாம் என்று திறந்தேன். வெள்ளிக்கிழமை ராஜப்பன் அனுப்பிய கடிதம் அதில் கிடந்தது.

'அம்மா அல்லது ஐயா அவர்களுக்கு. எனக்குத் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கம் விவசாயம். இரண்டு வருடம் முன்பு ஆபரேஷன் செய்து என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் கிளியில் எழுதித்தான் பேசி வருகிறேன். போன வாரம் அப்டேட் கேட்டது, கொடுத்தேன். அதன் பிறகு பேசவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு என் பெண் சரிதாவை நிச்சயம் செய்ய ஊத்தங்கரையிலிருந்து வருகிறார்கள். பையன் நல்லவன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட வேண்டுமாம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர் ஆவதற்கு அவள் நாலு வருடம் பட்ட பாடு எனக்குத் தெரியும். விடமாட்டாள் என்று நான் சபையில் சொல்ல வேண்டும். அவள் சொன்னால் வாயாடி என்பார்கள். நான் காகிதத்தில் எழுதிக் காட்டினால் என் அண்ணன் திம்மப்பன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். எல்லாவற்றுக்கும் அவரே சரி என்று சொல்லிவிடுவார். கோபமாக எழுதியது தப்பு என்றால் மன்னிக்கவும். கிளியை மட்டும் பேச வைத்துக் கொடுங்கள்.'

கீழே போன் நம்பர் இருந்தது.

புது அப்டேட்டில் தமிழ்க் குரல் அழிந்துவிடுகிறது, மறுபடி இறக்கிக்கொண்டால் போதும். இரண்டு வரிப் பதில். செவ்வாய்க்கிழமையே அது என் கையில் இருந்தது.

நம்பரை அழுத்தினேன். எடுத்தார்கள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ராஜப்பன் அண்ணாங்களா? நான் கிளி குழுவுல இருந்து ஹீனா பேசறேன். நீங்க பேச வேணாம். ஆமான்னா போன் மேல ஒரு தட்டு தட்டுங்க, இல்லன்னா ரெண்டு தட்டு. சரிங்களா?"

பிறகு ஒரு தட்டு.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்களா?"

ஒரு தட்டு. பின்னால் நாற்காலிகள் இழுபடுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"பேச்ச முடிச்சிட்டாங்களா?"

இரண்டு தட்டு.

"அப்ப கொஞ்சம் வெளிய வாங்கண்ணா. ஸ்பீக்கர்ல போட்டுக்குங்க."

சத்தம் குறைந்தது. எங்கோ ஒரு மாடு கத்தியது. கொல்லைப் பக்கம் வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். கிளியைத் திறக்கச் சொன்னேன், தட்டினார். செட்டிங்ஸ் போகச் சொன்னேன், தட்டினார். குரல் என்கிற இடத்தில் தமிழுக்கு நேராகக் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கும், அதைத் தொடச் சொன்னேன். இரண்டு தட்டு. இல்லையாம். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். ஒரு தட்டு.

இறங்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் டவர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். "பாதி வந்துடுச்சா?" என்று கேட்டேன். இரண்டு தட்டு. மறுபடி கேட்டேன். இரண்டு தட்டு. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் எதற்கும் காத்திருந்த மாதிரி நினைவில்லை. உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் நடந்தார் போலிருக்கிறது, குரல்கள் கிட்டத்தில் வந்தன. ஸ்பீக்கரில் என் குரல் கேட்டுவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

"வேலைங்களா?" ஒரு கனத்த குரல் கேட்டது. திம்மப்பனாகத்தான் இருக்க வேண்டும். "கல்யாணம் ஆனா இன்னாத்துக்குங்க வேலை? அதெல்லாம் வுட்டுருவா. தம்பிக்கும் சம்மதந்தான். நான் சொல்றனே, தாம்பூலத் தட்ட எடுங்க."

போச்சு என்று நினைத்தேன். ஐந்து நாளை வீணாக்கியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்போது டிக் டிக்கென்று எழுத்துகளை அழுத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கிளி பேசியது.

"எம் பொண்ணு வேலைய வுட மாட்டா. அதுக்கு ஒத்துக்கிட்டா தட்டு மாத்தலாம்."

கிளிக்கு இருப்பது ஒரே தமிழ்க் குரல். இருபது வயசுப் பெண் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். அதில் கோபமும் வராது, அழுகையும் வராது.

"அது ஏதோ மிஷினுங்க," என்றார் திம்மப்பன் அவசர அவசரமாக. "தானா ஒளறுது. நீங்க கண்டுக்காதீங்க. டேய், அத்த உள்ள வை."

மறுபடி டிக் டிக்.

"அண்ணா, பொண்ணுக்கு அப்பன் நான்."

ஒரு பெரிய மனிதர் சின்னப் பெண்ணின் குரலில் அப்படிச் சொன்னார். அந்த வீட்டில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

பிறகு அதுவரை கேட்காத ஒரு குரல் பேசியது. மாப்பிள்ளையின் அப்பாவாக இருக்கும்.

"தம்பிக்கும் சம்மதம்னு நீங்க சொன்னீங்க. அவரு வேற சொல்றாரே." அவர் குரல் ராஜப்பனின் போன் பக்கம் திரும்பியது. "தட்டு கெடக்கட்டும். உங்க மனசுல இன்னும் இன்னா இருக்குதோ எல்லாத்தையும் சொல்லுங்க சம்பந்தி. நாங்க கேட்டுக்கறோம்."

எழுத்துகளை அழுத்துகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை அது சீக்கிரம் நிற்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துகிறார் போலிருக்கிறது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. அவர் எழுதி முடிக்கும்வரை அங்கே அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஐந்து நாள் அவரை வெளியே நிறுத்தி வைத்த நானும் காத்திருந்தேன்.