ஜன்னலுக்கு மேல் அறுந்த கொடி

பிள்ளை பிறக்கும் வரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பட்டறையில் உட்கார நேரமில்லாமல் ஓடுகிறவள் அவள். புது வீடுகளின் உள்கூரை ஓரத்தில் ஒட்டுகிற பூவேலைப் பட்டைகளை, பட்டறைக்காரர்கள் கார்னிஸ் என்று சொல்வதை, ரப்பர் அச்சில் வார்த்து எடுப்பது அவள் வேலை. பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்ற யாராலும் முடியும். உடையாமல் எடுப்பதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். ஊற்றின மாவு முதலில் சூடேறும், பிறகு மெல்ல ஆறும். புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு அடங்குகிற பக்குவத்தில் எடுத்தால் இலையின் நரம்புகூடச் சேதமில்லாமல் வரும். அவசரப்பட்டால் பிய்ந்து வரும். அந்தப் பக்குவம் அவள் கைக்குத் தெரிந்த அளவு வேறு எந்தக் கைக்கும் தெரியாது என்று அவள் புருஷனே ஒத்துக்கொள்வான். எதையும் லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவன்.

ஆனால் அவள் வயிற்றில் மட்டும் எதுவும் பக்குவம் வரை தங்கவில்லை. இரண்டு முறை பாதியிலேயே போய்விட்டது. இது மூன்றாவது. "எந்திரிச்சு நடக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அந்த மாவுப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாக விரலை மடக்கியபோது, வந்த சிரிப்பு வாசல் வரைகூடத் தங்காமல் ஓடிப்போனது.

அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய மாளிகையின் பாதிக் கூடத்திலும் அதை ஒட்டின சின்ன அறையிலும் அடுக்களையிலும். விருந்து வைக்கவோ வீம்பு காட்டவோ எந்தப் புண்ணியவானோ கட்டின பெரிய கூடம் அது. பிற்பாடு வந்தவர்கள் நடுவில் பலகைச் சுவர் எழுப்பி இரண்டு குடித்தனமாக ஆக்கிவிட்டார்கள். ஆட்களைத் தடுக்கலாம், கூரையின் கொடியை யார் தடுப்பது? உள்கூரையின் ஓரத்தில் சுதையால் செய்த கொடி ஒன்று பலகைச் சுவரின் ஒரு முனையில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, மூன்று சுவர்களைச் சுற்றி, மறு முனையில் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். இரண்டு வீட்டிலும் அது வாடகை கொடுத்ததில்லை. ஊரில் இருக்கிற கூரைகளையெல்லாம் அலங்கரிக்கிற புருஷனும் பெண்டாட்டியும் சொந்தக் கூரையை நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. வீடு திரும்பினால் படுக்கையைப் பார்க்கத்தான் அவர்களுக்குத் தெம்பு இருக்கும்.

இப்போது பார்ப்பதற்கு அதைத் தவிர வேறில்லை.

முதலில் பட்டறைக்காரியின் கண்ணோடுதான் பார்த்தாள். மூன்று இலை, ஒரு மொட்டு, ஒரு சுருள். மறுபடி மூன்று இலை. சுண்ணாம்பு அடித்து அடித்து இலையெல்லாம் வீங்கின விரல் மாதிரி ஆகியிருந்தது. 'சுரண்டினா உள்ளே நல்லா இருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். சில நாளில் அந்தக் கண் எங்கோ போயிற்று. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் பட்டு, அங்கிருந்து கூரைக்கு ஏறும். அப்போது இலைகளின் அடியில் மெல்லிய நிழல் ஊறும். அவள் கண்ணாலேயே பலகைச் சுவரின் முனையில் ஏறிக்கொள்வாள். சுருளைப் பிடித்துத் தாவி, இலை மேல் கால் வைத்து, மொட்டில் கொஞ்சம் உட்கார்ந்து, மெதுவாக நடப்பாள். கீழே கட்டிலில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். பாவம், யாரோ! மூலையில் திரும்பும்போது கொடி கொஞ்சம் தடித்து, தண்ணீர் வாசனைகூட வரும். தனக்கு முன்னால் யாரோ சின்னக் காலோடு ஓடுகிற மாதிரி இருக்கும். அது யார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று பயம்.

ஜன்னலுக்கு மேலே வந்ததும் நின்றுவிடுவாள். அங்கே கொடி இல்லை. எந்த மழைக்கோ ஒழுகி, இரண்டு முழ நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்து, வெறும் காரையும் துருப்பிடித்த இரண்டு ஆணிகளும்தான் இருந்தன. அந்தப் பக்கம் மறுபடி இலைகள் ஒன்றும் நடக்காதது போல ஓடின. அவளால் தாண்ட முடியவில்லை. எத்தனை நாள் முயன்றாலும் அந்த இடத்தில் கண் வழுக்கி, கட்டிலில் வந்து விழுந்தாள்.

அப்புறம்தான் அந்தப் பைத்தியக்காரத்தனமான எண்ணம் மனசுக்குள் புகுந்தது. கொடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் பிள்ளையும் வந்து சேரும். இல்லையென்றால் இல்லை. அடுத்தவர்கள் இப்படி ஏதாவது சொன்னால் வாய்விட்டுச் சிரிக்கிறவள்தான் அவள். தனக்கு என்று வந்தபோது சிரிப்பு வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

புருஷனிடம் வேறு மாதிரி ஆரம்பித்தாள். "என்னங்க, ஊருக்கெல்லாம் ஒட்டுறீங்க. ஜன்னலுக்கு மேலே நம்ம வீட்டுக் கூரை பல்லு போன மாதிரி இருக்கே, கண்ணுல படலையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அட, ஆமா!" என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

அவனுக்குப் பட்டறையில் ரசமட்டம் என்று பெயர். அந்தக் கருவி எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால்தான் அவனுக்கு மூச்சே வரும். கல்யாணமான புதிதில் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக்கூட மட்டம் பார்த்துத் திருப்பி மாட்டினவன். இந்த மாதங்களில் அவன் அறைக்குள் அதிகம் வருவதில்லை. வந்தாலும் வாசற்படியில் நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவான். பயந்துபோயிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இப்போது ஒரு வேலை கிடைத்ததும் ஏணியும் கையுமாக உள்ளே வந்தான். அவளுக்கு அதுவே பாதி சந்தோஷம்.

அவனுடைய அம்மா, மருமகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவள், இடுப்பில் கை வைத்தாள். "வயித்துப் பிள்ளைக்காரி தலைமேல தூசியைக் கொட்டப் போறியா? அறிவு இருக்கா உனக்கு?"

"தண்ணி தொட்டுத்தான்மா சுரண்டுவேன். அன்னிக்குக் கட்டிலை உன் அறையில போட்டுக்கலாம்."

கொடியில் ஒரே ஒரு துண்டை மட்டும் சுண்ணாம்பு போகச் சுரண்டி, ரப்பரைப் பூசி, அச்சு எடுத்தான். சுரண்டின இடத்தைக் காட்டக் கட்டிலைத் திரும்பவும் கொண்டுவந்து போட்டார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீங்கின விரல்களுக்குள்ளிருந்து மெல்லிசான இலைகள் வெளியே வந்திருந்தன, நரம்போடு, ஓரத்துச் சுருக்கத்தோடு. இத்தனை காலம் உள்ளேயே இருந்திருக்கிறது.

பட்டறையில் அவன்தான் வார்த்தான். மாலையில் தூக்கிக்கொண்டு வந்தபோது, "ஆறினப்புறம்தானே எடுத்தீங்க?" என்றாள்.

"எனக்கே பாடமா?"

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதும்பாங்க" என்று அடுக்களையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். அவளுக்கு எல்லாம் காதில் விழும், கூப்பிட்டால் மட்டும் விழாது.

மறுநாள் துண்டை ஒட்டினான். அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். கண் விழித்தபோது ஜன்னலுக்கு மேலே கொடி வெள்ளையாக இருந்தது. அவள் உடனே ஓடினாள். சுருள், இலை, மொட்டு, மூலை, மறுபடி இலை. அறுந்த இடத்துக்கு வந்து காலை எடுத்து வைத்தாள், தடுக்கினாள்.

"சாயுதுங்க."

"எது?"

"நீங்க ஒட்டினது. அந்த முனையில இறங்கி நிக்குது. கொடி சேரவே இல்லை."

அவன் ஏணியில் ஏறி ரசமட்டத்தை வைத்தான். "குமிழியை வந்து பாரு! நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

"நான் எங்க வந்து பாக்குறது? உங்க குமிழி சரியாத்தான் இருக்கும். கூரைதான் சரியில்லை. இவ்வளவு பழைய வீடு, இந்த மூலையில இறங்கி, அந்தப் பக்கம் மேலே ஏறிப் போகுது. நீங்க மட்டமா வச்சா மட்டமா தெரியுமா?"

"கூரை கோணலா இருந்தா நானும் கோணலா ஒட்டணுமா?"

"ஒட்டணும்."

அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். சாப்பிடும்வரை முறைத்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டபின் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் வந்து, தலையணையைப் பாதி வாங்கிக்கொண்டு படுத்து, மேலே பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் அவ்வளவு கிட்டத்தில் படுத்தது அன்றுதான்.

"ஆமா, சாயுது" என்றான்.

இரண்டாவது துண்டை வார்க்கச் சில நாள் ஆனது. முதலில் ஒட்டினதை அறுத்து எடுத்ததில் அது சுக்குநூறாகிவிட்டது. இதற்குள் டாக்டரம்மா வந்து பார்த்து, மாதம் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது, இனி எப்போது வேண்டுமானாலும் ஆகலாம், பயமில்லை என்றார். பயமில்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம்! அவளுக்குப் பயம் தொண்டை வரை இருந்தது. கொடி இன்னும் சேரவில்லையே. "சீக்கிரம் கொண்டாங்க" என்று தினமும் நச்சரித்தாள். அவன் அதை வேலைமேல் உள்ள ஆசை என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு முற்பகலில் ஏணியை ஜன்னலடியில் போட்டான். துண்டின் முதுகில் மாவைப் பூசி, மேலே ஏறி, கூரையோடு அழுத்தினான். பழைய காரையில் ஆணி அடித்தால் மொத்தமும் உதிர்ந்துவிடும். மாவு இறுகிக் கடிக்கும் வரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தே நிற்க வேண்டும். ரசமட்டத்தைக் கீழே அவளிடம் கொடுத்துவிட்டிருந்தான். இந்த முறை மட்டம் அவள் கண்தான்.

"இடது பக்கம் ஒரு நூல் மேலே."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். ம். வலது பக்கம் உள்ளே தள்ளுங்க. அந்த மொட்டு சேரட்டும். சேருது, சேருது. அசையாதீங்க!"

அவன் கையை உயர்த்தினபடி, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றான். மாவு அவன் முழங்கை வழியாகச் சொட்டியது. மேலே, இந்தப் பக்க இலையும் புது இலையும் அந்தப் பக்க இலையும் ஒரே கொடியாக ஓடின. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினாள். மொட்டைத் தாண்டினாள். முன்னால் அந்தச் சின்னக் கால்கள் ஓடின. அறுந்திருந்த இடத்தில் வழுக்கவில்லை. இன்னும் மூன்று இலை, இரண்டு இலை.

அப்போதுதான் படுக்கை நனைந்தது. இடுப்பைச் சுற்றி ஏதோ முறுக்கிப் பிழிந்தது.

"என்னங்க" என்றாள். கத்தக்கூட இல்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கையை விட்டான்.

கொடி ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு ஜன்னல் கட்டையில் பட்டு, தரையில் விழுந்து, தூள் தூளாகப் போயிற்று. அவன் ஏணியில் இறங்கினானா குதித்தானா என்று அவனுக்கே தெரியாது. இலைகளை மிதித்துக்கொண்டு ஓடிவந்து அவளைத் தூக்கினான். "அம்மா! வண்டி கூப்பிடு!" என்று அவன் போட்ட சத்தத்துக்கு இந்த முறை மாமியாருக்கு முதல் கூப்பாட்டிலேயே காது கேட்டது.

வண்டியில் அவன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வலி வந்து வந்து போனது. வலியைவிட அந்தச் சத்தம்தான் பெரிதாக இருந்தது, தரையில் அது உடைந்த சத்தம். சேர்ந்துவிட்டிருந்ததே! இரண்டு இலைதான் பாக்கி. போயிற்று, இதுவும் போகப்போகிறது என்று நினைத்தாள். அழுதாள். அவன் வலிக்கு அழுகிறாள் என்று நினைத்து, மாவு காய்ந்த கையால் அவள் நெற்றியைத் தடவித் தடவி வெள்ளையாக்கினான்.

பிரசவ அறைக்குப் புத்தம் புதிய கூரை. சதுரம் சதுரமாக வெள்ளைப் பலகை, ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஏறிக்கொள்ள ஒரு சுருள் இல்லை, கால் வைக்க ஒரு இலை இல்லை. அவள் கண் அங்குமிங்கும் அலைந்து பார்த்தது. போக இடமில்லாமல் திரும்பி வந்தது. கட்டிலில் கிடக்கிற அந்த யாரோ ஒருத்தி தானேதான் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. முதுகும் தொடையும் பல்லும் எல்லாம் தன்னுடையவை, வலி தன்னுடையது, அதற்குள் முட்டி மோதி வருகிறதும் தன்னுடையது. நர்ஸ் "ம், இன்னும் ஒரு தடவை!" என்றாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழு மனுஷியாக அங்கேயே இருந்தாள்.

பிள்ளை வந்து சேர்ந்தது. பெண். ஆஸ்பத்திரியையே இடிக்கிற மாதிரி அழுதது.

அவனை உள்ளே விடும் முன், கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி நர்ஸ் திட்டித் துரத்தினாள். நக இடுக்கெல்லாம் தேய்த்துச் சிவந்த கையோடு வந்து, பிள்ளையை வாங்கத் தெரியாமல், கொடித் துண்டைத் தாங்கின மாதிரியே இரண்டு உள்ளங்கையையும் மேலே நீட்டி நின்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே மனசில் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். கொடி சேர்ந்தால் பிள்ளை என்று தான் போட்ட கணக்கு, தினமும் நடந்த நடை, அது விழுந்தபோது தனக்கு உயிர் போனது, எல்லாம்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அடிப்பாவி! நான்தானே விட்டேன். இவ்வளவு இருக்குன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் நீட்டியபடி இருந்த தன் கைகளையே பார்த்தான்.

"கொடியைப் பிடிச்சுக்கிட்டே நின்னிருப்பீங்க" என்றாள் அவள். பிறகு பிள்ளையை அவன் கையில் வைத்தாள்.