மார்லிஸ் சரியாகக் கணித்த ஆட்டம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, மார்லிஸ் கொடுத்தது. அமெரிக்காவின் ரீனோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். செவ்வாய் மதியங்களில் போக்கர் சீட்டாட்ட மேசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. "கதை எழுதுறவன்தானே நீ, இதை எழுதித் தொலை. என் மண்டையை விட்டு எறங்கட்டும்" என்றாள். எழுதிப் பார்த்தேன். இறங்கவில்லை, எனக்கும் ஏறிக்கொண்டது.

முதல் தொடக்கம்: "வெண்டெல் பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஆகவே அன்று..."

(தவறு. சொல்லத் தெரியும், மறைக்கத்தான் தெரியாது. அடித்துவிட்டேன்.)

2

எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளும் மேசையில் விரிந்திருந்தன. மூன்று ஹார்ட்டின். மார்லிஸ் கையில் ராணி ஜோடி. எதிரே வெண்டெல், பழைய பிளம்பர், வாயைத் திறந்தால் வசவு. அவர் கையில் இன்னும் இரண்டு ஹார்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும், ராணிகள் செத்தார்கள். தன் பந்தய வில்லைகள் அத்தனையையும் நடுவே தள்ளினார். அவளும் அவ்வளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும்.

"யோவ், நெசமாவே வச்சிருக்கியா, இல்ல சும்மா பூச்சி காட்டுறியா?"

வெண்டெல் தோளைக் குலுக்கினார்.

[இங்கே அவள் மனக்கணக்கை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எல்லாம் என் சரக்கு. உண்மையில் அவள் பேச்சுக் கொடுத்தாள். எதிராளியின் வாயைக் கிளறுவது இங்கே எல்லோரும் செய்வதுதான்.]

"வீட்ல டிலோரஸ் எப்படி இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்காங்க. கேட்டதுக்கு நன்றிங்க, மார்லிஸ்."

அவளை 'ஏய் பஸ்காரி' என்று மட்டுமே கூப்பிடுகிறவர்! பொய் சொல்லும்போதுதான் இந்த மனிதருக்கு மரியாதை வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கால்" என்று சொல்லி அவளும் அவ்வளவு வில்லைகளை வைத்தாள்.

வெண்டெல் சீட்டைத் திருப்பினார். எதிலும் சேராத ஒன்பதும் நாலும்.

3

மேசையே கைதட்டியது, நானும்தான்.* வில்லைகளை அடுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் கேட்டது சீட்டைப் பற்றியல்ல, அவர் மனைவியைப் பற்றி.

வெண்டெல் எழுந்துவிட்டிருந்தார்.

* இவ்வளவு கடினமான கட்டத்தில் இவ்வளவு சரியான முடிவை நான் பார்த்ததில்லை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

4

ஒரு முடிவு எழுதினேன். மார்லிஸ் பின்னாலேயே ஓடி, கார்கள் நிற்குமிடத்தில் அவர் தோளைப் பிடித்து, "கெழவா, வா, ஒரு காப்பி குடிக்கலாம்" என்கிறாள். அவர் அழுகிறார். வாசித்துக் காட்டினேன்.

"பொய்" என்றாள். "நான் எழுந்திரிக்கவே இல்ல. அடுத்த சீட்டு போட்டுட்டாங்க."

நடந்ததை எழுதினேன். நினைவு முழுக்கத் தப்பிப்போன டிலோரஸை அன்று காலைதான் வெண்டெல் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். "நீங்க யாரு?" என்று அவள் கேட்டிருக்கிறாள். வெறும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மேசைக்கு வந்தவர், அதன்பின் வரவேயில்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"இதுல முடிக்காதே."

"அப்புறம் எப்படித்தான் முடிக்க?"

"தெரிஞ்சா உங்கிட்ட ஏன்டா வர்றேன்?"

5

ஆகவே முடிக்கவில்லை. வெண்டெல் இன்னும் கதவைத் தாண்டவில்லை. கோட்டின் இன்னொரு கையைத் துழாவிக்கொண்டிருக்கிறார். மார்லிஸ் முன்னால் இரண்டு புதுச் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. எல்லோரும் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவருக்குக் கோட்டின் கை கிடைத்துவிடப் போகிறது.