எல்லாக் கதவும் என்றால் எல்லாக் கதவும்

வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாய்களை விட்டுவிட்டுப் போகும் விடுதி அது. நடத்தியது ஒரு கணவனும் மனைவியும். அங்கே ஒரு பழுப்பு நாய் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறக்கக் கற்றுக்கொண்டு, பக்கத்து அறை நாய்களுக்கும் திறந்துவிட ஆரம்பித்தது. அதனால் மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன், எல்லாக் கதவுக்கும் கார்டு காட்டினால் திறக்கும் காந்தப் பூட்டு மாட்டிக்கொடுத்தான்.

பூட்டைச் சோதிக்கத் தீயணைப்பு அதிகாரி வந்தார். மடிப்புக் கலையாத சீருடை. நாய் என்றால் பயம். அதை அவர் வெளியே சொல்லவில்லை.

"அலாரம் அடிச்சா பூட்டுக்குப் போற கரண்ட் தானா நிக்கணும். காந்தம் விட்டுடும். தள்ளினா கதவு திறக்கணும். பொகையில யாரு கார்டைத் தேடுவா?" என்றார்.

"அப்படித்தான் சார் பண்ணியிருக்கேன்," என்றான் தம்பி.

சோதனைக்காக அலாரம் அடித்தது. கணவர் வாசல் கதவைத் தள்ளினார். அசையவில்லை. கார்டைக் காட்டினார். கார்டைப் படிக்கும் பெட்டி செத்துக் கிடந்தது. தம்பி அலாரத்தோடு இணைத்திருந்தது பூட்டை அல்ல, அந்தப் பெட்டியை. மூவரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

வெளியே போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்னங்க பண்றீங்க?"

"வெளிய வந்துட்டிருக்கோம்," என்றார் கணவர்.

மெயினை அணைத்த பிறகுதான் கதவு விட்டது. "நீங்க மெயினைத் தேடுற வரைக்கும் நெருப்பு ஓரமா நிக்குமா தம்பி?" என்று அதிகாரி கேட்டார்.

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒயரை மாற்றிவிட்டு இறங்கினான்.

"இப்ப எல்லாக் கதவும் திறக்குமா மச்சான்?"

"எல்லாமே மாமா. ஒண்ணைக்கூட விடல."

மறுபடி அலாரம். வாசல் பூட்டு டக்கென்று விட்டது. அதிகாரி முகம் மலர்ந்தது. அடுத்து, பின்னால் நடையோரம் வரிசையாக டக், டக், டக்.

"பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டார்.

பதில் தானே ஓடி வந்தது. அதிகாரியும் ஓடினார். விளையாடத்தான் ஓடுகிறார் என்று நினைத்து நாய்கள் இன்னும் வேகமாகத் துரத்தின. அவர் தன் வண்டியின் கூரைமேல் ஏறிக்கொண்டார். 'தீ ஏற்பட்டால் இங்கே கூடவும்' என்று எழுதியிருந்த இடத்தில் நாய்கள் வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்தன. சில மட்டும் தெருவைப் பார்க்கக் கிளம்பின.

"உள்ள யாராவது இருக்காங்களா?" அதிகாரி மேலிருந்தே கடமையைச் செய்தார்.

"காது கேக்காத கிழம் ஒண்ணு இருக்கு சார்," என்று உள்ளே போன மனைவி, தூங்குகிற நாயை மூட்டைபோல் தூக்கி வந்தாள்.

"நாய் ரூம் பூட்டும் விடத்தான் வேணும். அதுவும் உயிர்தானே," என்றார் அதிகாரி. "ஆனா அந்தக் கதவுங்க பின்பக்கம் திறக்கட்டும். அங்க வேலி போடுங்க. மனுஷங்க முன்னால, நாய்ங்க பின்னால."

"அப்ப பாஸா சார்?"

"வேலி போட்டா பாஸ். முதல்ல இதுங்களைப் பிடிங்க, நான் இறங்கணும்."

தெருத்தெருவாக அலைந்து எல்லாவற்றையும் பிடித்து வருவதற்குள் கணவர், மனைவி, தம்பி மூவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. சாயங்காலம் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. ஆனாலும் நடையில் ஒரு வெள்ளை நாய் மிச்சம் நின்றது.

"இது நம்மளுது இல்லையே," என்றாள் மனைவி.

"அலாரம் கேட்டு ஒத்தாசைக்கு வந்திருக்கும்க்கா," என்றான் தம்பி.

அவள் அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு அவனுக்கு எடுத்துவைத்திருந்த சாப்பாட்டை அதன் முன்னால் வைத்தாள்.