ஜோடி என்று வந்த இரண்டு மீன்கள்

என் கல்யாணப் புடவையை எடுத்தது என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன் வேலாயுதம். கட்டிலை வாங்கிப் போட்டதும் அவர்தான். பஃபலோ ரோட்டு மாடியில் எங்களுக்கு எந்த அறை, ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு, எல்லாம் அவர் வாய் திறந்தால்தான். தேக்கா சந்தையில் மாலைக்கடை வைத்திருக்கிற மனிதர். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணத்துக்கு மாலை அவர் கடையிலிருந்துதான் போகும். அதனால் எது எதோடு சேரும் என்பது தனக்குத்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு.

அந்த வீட்டில் நானாகப் பார்த்துப் பொறுக்கியது ஒன்றே ஒன்று: ஜன்னலோரம் இருந்த சின்ன மீன்தொட்டி. ரவிக்கை தைத்துச் சேர்த்ததில் வாங்கினேன். மணலைக் கழுவிப் போட்டு, வேலம்பாசியும் நாடா மாதிரி நீளும் செடியும் வைத்து, அது வேர் பிடிக்கிற வரைக்கும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகுதான் மீன். ரோச்சோர் கால்வாயோரத்து மீன்கடைச் சீனர் ஒவ்வொன்றாகக் காட்டி மலாயில் சொல்வார்: “இனி போலே. இத்து தா போலே.” இது ஆகும், அது ஆகாது. வாலைக் கடிப்பது ஆகாது, செடியைப் பிடுங்குவது ஆகாது. விலாவில் கறுப்பு முக்கோணம் போட்ட குட்டி மீன்களைக் கூட்டமாகவே எடுத்தேன். தனியாக விட்டால் பயத்தில் வெளுத்துப்போகுமாம். அடியில் மேய அயிரை மாதிரி ஒன்று. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் என் வயிற்றில்தான் வந்து நிற்கும். கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டு, “உங்களுக்கு ஒரு குறையும் இல்ல சந்திரமதி, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்றார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் தங்கராஜு, “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. அவர் தலை குனியக் கூடாதே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் புண்ணியத்துக்கு மலடி என்ற பேர் எனக்குக் கிடைத்தது.

அறுபத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூத்தார் இரண்டு ஜாம் போத்தல்களோடு படியேறி வந்தார். ஒன்றில் சிவப்பு மீன், மற்றதில் நீலம். இரண்டுக்கும் நீள நீளமாக வால். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் சண்டைமீன்.

எங்கள் குடும்பத்தில் மூத்தாரோடு தம்பி மனைவி நேருக்கு நேர் பேசக் கூடாது. மூன்று பேரும் ஒரே அறையில் நின்றாலும் பேச்சு என் வீட்டுக்காரர் வழியாகத்தான் போய் வர வேண்டும்.

“தங்கராஜு, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. ஜோடி மீன் நீந்துற வீட்டுல தொட்டில் ஆடும்லா. சிவப்பு பொண்ணு, நீலம் மாப்பிள்ளை.”

“உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. ரெண்டும் ஆம்பள.”

“அண்ணே, ரெண்டும் வந்து...”

“கேட்டுச்சுடா! கூறைப்புடவைய சிவப்புலதான எடுக்கிறோம்? எத்தனை பொண்ணு மாப்பிள்ளைக்கு மாலை கட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“பொட்டைக்கு இவ்வளவு வால் இருக்காதுங்க. சேர்த்து விட்டா கடிச்சே கொன்னுடும்னு சொல்லுங்க.”

“கடைக்காரனும் ‘தா போலே, தா போலே’ன்னு கத்தினான். விலையை ஏத்தத்தான் அப்படிக் கத்துறான்னு நான் புடுங்கிட்டு வந்துட்டேன்” என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இரண்டு போத்தலையும் என் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்தன. அடுத்த நிமிடம் சண்டை. என் குட்டி மீன்கள் செடிக்குப் பின்னால் போய் ஒடுங்கின. பிடுங்கப்பட்ட பாசி மேலே மிதந்தது. சிவப்பின் வால் கிழிந்து நார் நாராகத் தொங்கியது.

“புதுசுல அப்படித்தான் இருக்கும்” என்றார் மூத்தார், தொட்டியை மறித்து நின்றபடி. “பிரிக்க வேணாம்னு சொல்லு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அவரை நோக்கி நடந்தேன். தம்பி மனைவி மேலே பட்டுவிடுவாளோ என்று மனிதர் துள்ளி விலகினார். கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சிவப்பை அள்ளி ஒரு போத்தலில் போட்டேன். பிறகு நீலத்தைப் பிடித்து மற்றதில் போட்டேன்.

“திருப்பி விடச் சொல்லு, தங்கராஜு.”

தங்கராஜு என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இனி அவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. நான் திரும்பி மூத்தாரின் முகத்தையே பார்த்தேன்.

“விட மாட்டேன், அத்தான். இது என் தொட்டி. இதுல எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்வேன். தொட்டில் ஆடலைன்னா அதுக்கு மீன் என்ன பண்ணும்? டாக்டரம்மா என்னைப் பார்த்தாச்சு. எனக்கு ஒரு குறையும் இல்ல. உங்க தம்பியத்தான் வரச் சொன்னாங்க. அவர்தான் இன்னும் போகல.”

மூத்தார் பழக்கதோஷத்தில் “தங்கராஜு” என்று ஆரம்பித்தார். தம்பி தலை நிமிரவில்லை. கேட்க வேறு ஆள் இல்லாமல் என்னிடமே கேட்டார்.

“எப்பம்மா சொன்னாங்க?”

“போன வருஷம்.”

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அதிகாரம் பண்ணிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? “நாளைக்கே நான் இவனை இழுத்துட்டுப் போறேன்” என்றார்.

“வேணாம். என் வீட்டுக்காரரை நானே கூட்டிட்டுப் போறேன்.” நீல மீன் போத்தலை அவர் கையில் கொடுத்தேன். “இத உங்க கடையில வைங்க. தனியா வைங்க. சிவப்புக்கு வால் வளர்ற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்.”

வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று இரவு தங்கராஜு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் சமாதானம் பண்ணப் போகவில்லை. காலையில் அவர் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டேன். எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தேக்கா வழியாகத்தான் போனோம். மாலைக்கடையில் ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் நடுவே அந்த நீல மீன் போத்தலில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூத்தார் நாரும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார். சந்தையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். எப்போதும் புருஷனுக்குப் பின்னால் நடக்கிறவள், அன்றைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்தார்.

பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக நடந்தேன்.