லிஃப்டுக்கு மேலே அவின்

லிஃப்ட் ரிப்பேரில் ஒரு ஆள் லிஃப்டின் கூரைமேல் நிற்க வேண்டும். இன்னொரு ஆள் மேல்மாடி மோட்டார் அறையில் சுவிட்சைக் காவல் காக்க வேண்டும். கூரையில் நான், சுவிட்சருகில் ஸ்பீக்கர். அவனுடைய பெரிய தொண்டைக்காக வைத்த பெயர். பல வருஷமாக என் உயிர் அவன் கையில்தான்.

அவனிடம் ஒரு டீ நேரத்தில் சொன்னேன். நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, இனிமேல் என்னை ‘அவன்’ என்று சொல்ல வேண்டாம் என்று. அப்படியென்றால் ‘அவர்’ என்று சொல்லட்டுமா என்றான். இத்தனை நாள் பழகிவிட்டு திடீரென்று மரியாதை கொடுத்தால் நமக்குள் ஏதோ சண்டை என்று ஊரே நினைக்கும் என்றேன். ‘அது’ என்றால்? நான் என்ன மோட்டாரா? எனக்கென்று நானே ஒரு சொல் வைத்திருந்தேன். அவின். அவின் வந்தின், அவின் போனின்.

“அப்ப மச்சான்னு கூப்பிடுறது?”

“அது இருக்கட்டும். அது நம்ம உறவு.”

அவன் கோபப்படவில்லை. வாயை மூடிக்கொண்டான். ஸ்பீக்கர் வாயை மூடினால் அதைவிடப் பயம் வேறில்லை. போனில் ஆபீசுக்குப் பேசும்போது “அவ... அந்த ஆளு” என்று திக்கினான். கடைசியில் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டான்.

“வார்த்தையைத் தேடிட்டு நிக்கிற நேரத்துல எவனாவது சுவிட்சைப் போட்டா நீ போய்ச் சேந்துடுவ. ஆபீஸ்ல உனக்கு வேற ஆள் கேட்டிருக்கேன்.”

வேறு எவனை நம்பி நான் அந்தக் கூரையில் ஏறுவது? வேலை நேரத்தில் பழையபடியே கூப்பிடு, என்னை விட்டு மட்டும் போகாதே என்றேன். அவன் சரி என்றான். எனக்குத்தான் சொன்ன வாய் கசந்தது. என்னையே நான் பாதி விலைக்கு விற்ற மாதிரி இருந்தது.

மறுநாள் ஒரு அலுவலகக் கட்டடம். நான் கூரைமேல் குனிந்து கம்பியில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். லிஃப்டுக்காகக் காத்துக் கடுப்பான மேனேஜர் மோட்டார் அறைக்கே ஏறி வந்துவிட்டார். எவ்வளவு நேரம்தான் நிறுத்தி வைப்பீர்கள் என்று அவர் கத்தியது கீழே எனக்கே கேட்டது. அடுத்து ஸ்பீக்கரின் குரல் கட்டடத்தையே உலுக்கியது.

“கையை எடுய்யா! கீழ அவின் நிக்கிறின்!”

யார் நிற்பது என்று மேனேஜர் குழம்பிக் கேட்டார்.

“அவின்தான்யா! தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!”

கிரீஸ் கையோடு கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. துடைத்தால் முகமெல்லாம் கிரீஸ், அதனால் துடைக்கவில்லை.

ஸ்பீக்கர் இறங்கி வந்தான். வேலை நேரத்தில் பழையபடி என்றுதானே பேச்சு என்று கேட்டேன். அவன் என்னை முறைத்தான்.

“யோசிக்க ஏது மச்சான் நேரம்? வாயில அதான் வந்துச்சு.”