ஸ்டாண்டுக்கு லீவு கிடையாது

வீரமுத்துவின் பட்டறையில் அந்த லேண்ட்மாஸ்டர் கார் பதினைந்து மாதமாக அந்தரத்தில் நின்றது. அந்தரம் என்றால் பெரிய உயரமெல்லாம் இல்லை, தரையிலிருந்து ஒரு முழம். ஆனாலும் அரியலூரிலிருந்து செந்துறைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு அது பேர் வாங்கியிருந்தது. "என்னா வீரமுத்து, காரு இன்னும் எறங்கலியா?" என்பது அந்த ரோட்டில் 'சாப்பிட்டாச்சா' மாதிரி ஒரு விசாரிப்பாகிவிட்டது.

கார் விக்கிரமங்கலத்து அரங்கநாதனுடையது. கடலை வியாபாரி. இருபத்தைந்து வருஷத்துக் கிழட்டு வண்டிக்குள் எட்டு மூட்டை கடலையை அடைத்து மேட்டில் ஏற்றினால் அது என்ன செய்யும், பாவம்? பின் ஆக்சிலுக்குள் இருந்த பல் சக்கரங்கள் நொறுங்கிப்போயின. மாற்றுச் சாமான் திருச்சியில் இல்லை, மெட்ராசிலும் இல்லை. 'இதோ வருது, அதோ வருது' என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததில் எண்பதாம் வருஷம் போய் எண்பத்தொன்று வந்துவிட்டது.

அதுவரை அந்தக் காரைத் தாங்கி நிறுத்த வீரமுத்து பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே, அதைக் கேட்டால் அவன் பெண்டாட்டி அம்சவள்ளி தலையில் அடித்துக்கொள்வாள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அவள் கண்ணில் படாமல் அங்கே ஒரு போல்ட்டுகூட உருண்டதில்லை.

முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கினான். தூக்கியதும் ஜாக்கியை எடுத்து மூலையில் வைத்துவிட்டான். "ஜாக்கி தூக்குறதுக்கு. தாங்குறதுக்கு இல்ல" என்றான். நாலு மூலைக்கும் நாலு இரும்பு ஸ்டாண்டு. கார் அடியில் தகரம் எது, கனத்த சட்டம் எது என்று தட்டித் தட்டிப் பார்த்து, சட்டத்துக்கு நேராக ஒவ்வொன்றையும் முட்டுக் கொடுத்தான். பட்டறைத் தரையோ கரிசல் மண். வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் களியாகிவிடும். அதனால் ஸ்டாண்டுகளுக்கு அடியில் ரயில்வேக்காரர்கள் கழித்துப்போட்ட சிலீப்பர் கட்டைகளைப் பரப்பினான்.

"அரியலூர்ல இருந்துகிட்டு கல்லுக்கா பஞ்சம்? சுண்ணாம்புக் கல்லு ரெண்டு தூக்கிப் போட்டா ஆயிடப்போவுது. இந்தக் கட்டைய அடுப்புக்காவது குடுக்கலாம்ல?" என்றாள் அம்சவள்ளி.

"கல்லு சொல்லாம கொள்ளாம ஒடையும். கட்டை முனகிட்டுத்தான் ஒடையும். முனகுனா நாம வெளிய வந்துடலாம்."

அதோடு விட்டானா? கழற்றிப் போட்டிருந்த பின்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் காருக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, பலகை மேல் படுக்க வைத்தான். கார் அவற்றின் மேல் படவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது.

"இது எதுக்குச் சும்மா கெடக்கு?"

"சும்மாதான் கெடக்கணும். அதுக்கு வேலை வர்ற நாளு வரக் கூடாது."

இத்தனையும் செய்துவிட்டு, ஒவ்வொரு முறை அடியில் நுழைவதற்கு முன்பும் இடுப்பைக் கொடுத்துக் காரை ஆட்டிப் பார்ப்பான். ஒருதரம் அல்ல, இரண்டுதரம். "காருக்குச் சாமி வந்துட்டுதா? வேப்பிலை எடுத்தாரட்டுமா?" என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். திருச்சியில் தொழில் கற்ற காலத்தில் சாமிதுரை என்று ஒருவர் அவனோடு வேலை பார்த்தார். அஞ்சு நிமிஷ வேலைதானே என்று ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போனார். அவரை வெளியே எடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. எடுத்தும் பிரயோசனமில்லை. இந்தக் கதையை அம்சவள்ளி நூறு தடவை கேட்டிருப்பாள். நூறு தடவை கேட்ட கதை காதுக்குத்தான் போகும், வேறெங்கே போகும்?

ஆயுத பூஜை வந்தது. அதற்கு முதல் நாள் அரங்கநாதன் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. பெரம்பலூரில் ஒருவர் இதே மாதிரி காரைப் பிரித்துப் போட்டிருந்தாராம், அதிலிருந்து முழு ஆக்சிலும் கிடைத்துவிட்டதாம்.

"விஜயதசமி அன்னிக்குக் காலையில கொண்டாந்து எறக்கிடறேன். ஏழரைலேருந்து ஒம்போது நல்ல நேரம். அதுக்குள்ள ஒரு போல்ட்டாவது நீ கழட்டிடணும், ஆமா. தையில பொண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு இந்தக் கார்லதான்" என்றவர், காரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் இத கீழ எறக்கேன் வீரமுத்து. சக்கரம் மண்ணுல படாம, எலுமிச்சம்பழம் நசுக்காம என்னப்பா பூஜை? எல்லா ஆயுதத்துக்கும் நாளைக்கு ஓய்வு. இந்த ஸ்டாண்டு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"ஸ்பானருக்கு லீவு உண்டுங்க. சுத்தியலுக்கு லீவு உண்டு. ஸ்டாண்டுக்கு லீவு கெடையாதுங்க. நிக்கறதேதான் அதுக்கு வேலை."

அரங்கநாதன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் அம்சவள்ளிக்கு இடுப்பு ஒடிகிற வேலை. ஸ்பானர், சுத்தியல், ரம்பம், ஜாக்கி என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக அடுக்கினாள். வகைக்கு ஒன்று பூஜையில் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. சக்கரம் என்றால் வருஷா வருஷம் சுவரோரம் சாய்ந்திருக்கும் ஸ்டெப்னி ஏதாவது ஒன்றை எடுத்து வைப்பாள். இந்த வருஷம் லேண்ட்மாஸ்டரின் ஸ்டெப்னி அங்கே படுக்கையாகக் கிடந்தது. எட்டிப் பார்த்தால், அதன் குழிக்குள் அவளுடைய கோழி பதினோரு முட்டையோடு அடை உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் கொத்த வந்தது.

"நல்லா உக்காந்த போ, மகராணி" என்று திட்டிவிட்டு நிமிர்ந்தவளுக்குக் காரின் அடியில் கிடந்த சக்கரம் கண்ணில் பட்டது. கிழக்குப் பக்கத்துச் சக்கரம். தூசி மட்டும்தான், எச்சம் கிச்சம் எதுவும் இல்லை. பதினைந்து மாதமாகச் சும்மாவே கிடக்கிறது. அவள் அதை இழுத்து வெளியே உருட்டி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கோத்த ஒரு சாமந்தி மாலையும் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள். சாயங்காலம் வீரமுத்து குளித்துவிட்டு வந்து சூடம் காட்டினான். வரிசையில் ஒரு சக்கரம் இருந்தது. வழக்கம்போல ஸ்டெப்னிதான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இருட்டியதும் பிடித்த மழை விடியும் வரை விடவில்லை. தாழ்வாரத்துத் தண்ணீர் கிழக்குப் பக்கமாகத்தான் வடியும். வீரமுத்து அங்கே வெட்டி வைத்திருந்த வாய்க்கால் ரொம்பி வழிந்ததை யாரும் எழுந்து பார்க்கவில்லை.

விஜயதசமிக் காலையில் சொன்ன நேரத்துக்கு ஒரு டெம்போவில் ஆக்சிலோடு அரங்கநாதன் வந்து நின்றார். "மணி எட்டாவப் போவுது, ஆவட்டும் ஆவட்டும்" என்று அவர் பறக்க, வீரமுத்து அவசர அவசரமாகச் சூடம் காட்டி வேண்டிய ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டான். அப்படியே அடுப்படிப் பக்கம் திரும்பி, "எல்லாம் அதது எடத்துக்குப் போயிடுச்சா?" என்று கேட்டான்.

அம்சவள்ளி காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் உளியையும் ரம்பத்தையும் ஆணியில் மாட்டியது ஞாபகம் இருந்தது.

"போயிடுச்சுங்க" என்றாள்.

அவன் மேற்குப் பக்கம் வந்து காரை இரண்டுதரம் ஆட்டினான். அசையவில்லை. குனிந்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் இருந்த இடத்தில் இருந்தது. கிழக்குப் பக்கம் சாரலுக்காகச் சாக்குப் படுதா தொங்கியதால் இருட்டாகக் கிடந்தது. அவன் மல்லாக்கப் படுத்து உள்ளே போனான்.

பதினைந்து மாதத்துத் துரு. போல்ட்டு அசைவேனா என்றது. வீரமுத்து ஸ்பானரைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தான். அம்சவள்ளி காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தாள். அடியும் அடியும் விழுகிற இடைவெளியில் அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. சினை மாடு இரவில் புரண்டு படுக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு நீண்ட முனகல்.

அரங்கநாதனுக்கு அது கேட்கவில்லை, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கிடந்தவனுக்கும் கேட்கவில்லை, காதுக்கு மேலேயே சுத்தியல் சத்தம். அவள் திரும்பினாள். சுவரில் மாலையும் பொட்டுமாகச் சாய்ந்து நின்றது சக்கரம். அதற்குச் சற்றுத் தள்ளி ஸ்டெப்னியில் கோழி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். சுத்தியல் நிற்கவில்லை.

டம்ளர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிழக்குப் பக்கம் ஓடினாள், சாக்கைப் பிய்த்து எறிந்தாள், மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் அதைப் படுக்கப் போட்டு முழங்காலால் முட்டித் தள்ளினாள். பலகை அங்கேயே இருந்தது. சக்கரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் கையை எடுத்தாளோ இல்லையோ, களியில் ஒரு பக்கமாகப் புதைந்திருந்த சிலீப்பர் கட்டை பழைய ஆணி ஓட்டை வழியாகப் பிளந்தது. ஸ்டாண்டு சரிந்தது. கார் கிழக்கே சாய்ந்து இறங்கி, டயர் மேல் உட்கார்ந்து, ஒருதரம் எம்பி நின்றது.

சுத்தியல் சத்தம் நின்றது.

"அய்யோ, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றது அடியிலிருந்து குரல்.

மேற்குப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தான். மூக்கு நுனியில் துரு அப்பியிருந்தது, அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றிருக்கிறது கார். எழுந்து கிழக்குப் பக்கம் போய்ச் சரிந்த ஸ்டாண்டைப் பார்த்தான். பிளந்த கட்டையைப் பார்த்தான். சக்கரத்தைத்தான் வெகு நேரம் பார்த்தான். நசுங்கிய சாமந்தி, பிதுங்கிய எலுமிச்சை, சந்தனப் பொட்டு.

அரங்கநாதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "மகராசி! உம் பொண்டாட்டி உசுரக் காப்பாத்திட்டாப்பா! பூஜையில வச்ச சக்கரம்... அம்பாளே வந்து தாங்கிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்சவள்ளிக்கு அந்தப் பேச்சைக் கேட்கக் கூசியது. "காப்பாத்தலங்க. நான்தான் எடுத்தேன். ஸ்டெப்னியில கோழி அடை உக்காந்திருந்துச்சு, அதனால அடியிலேருந்து இத உருவிட்டேன்" என்று அவர் முன்னாலேயே சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீரமுத்து ஓரமாக மிச்சம் கிடந்த ஒரு சிலீப்பர் கட்டை மேல் உட்கார்ந்தான்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"போயிடுச்சுன்னு சொன்ன."

"சொன்னேன்."

மூக்கிலிருந்த துருவைத் துடைத்துக்கொண்டு, "நானும் அந்தப் பக்கம் போயிக் குனிஞ்சு பாத்திருக்கணும்" என்றான். பிறகு தண்ணீர் கேட்டான். அன்றைக்கு அதற்கு மேல் எந்தப் போல்ட்டும் கழலவில்லை, நல்ல நேரம் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

கார் மார்கழியில் தரை இறங்கியது, தையில் மாப்பிள்ளையையும் அழைத்து வந்தது. ஆனால் அம்சவள்ளி சொன்னதில் பாதிகூட அரங்கநாதன் காதில் ஏறியிருக்கவில்லை. மாலை போட்ட சக்கரம் ஒரு டன் காரைத் தாங்கிய கதையைப் போகிற இடமெல்லாம் பரப்பிவிட்டார். அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே பழத்தட்டோடு வந்துவிட்டார். அப்போது பட்டறையில் திருமழபாடிக்காரர் ஒருவரின் பழைய வேன் ஸ்டாண்டு மேல் நின்றது, அடியில் பக்கத்துக்கொரு சக்கரம்.

"அடியில கெடக்கற சக்கரத்த எடுத்து முதல்ல பூஜையில வைம்மா. கண்கண்ட தெய்வம்ல அது!" என்றார்.

"அது எடத்த விட்டு வராதுங்க. பொட்டுதான் அதுகிட்ட போவணும்" என்றாள் அம்சவள்ளி.

சந்தனக் கிண்ணத்தை இடது கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வேனண்டை போனாள். சுற்றி வந்து இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள். பிறகு இடுப்பைக் கொடுத்து வேனை ஒரு தள்ளு தள்ளினாள். அரங்கநாதன் சிரித்துவிட்டார்.

வீரமுத்து சிரிக்கவில்லை. "இன்னொருதரம் ஆட்டு" என்றான்.

அவள் ஆட்டினாள். அசையவில்லை. அதற்கப்புறம்தான் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்தாள்.